தாட்சாயணி அத்தையின் தங்கமான பிள்ளை

மகனைப் பற்றிக் குறை சொல்லாத தாய் எங்கள் குடிபாலாவில் ஒருத்திதான். என் பக்கத்து வீட்டுத் தாட்சாயணி அத்தை. கூலிக்கு வேர்க்கடலை பிடுங்கியும், சித்தூர் மாங்கூழ் ஃபேக்டரியில் பழம் கழுவியும் ஒரே பிள்ளை ரமணாவை ஆளாக்கினாள். ஆளானவன் மாடி வைத்து மெத்தை வீடு கட்டினான்; அவளை மாட்டுக் கொட்டகையை ஒட்டிய தகர அறையில் வைத்தான். மருமகளுக்கு ஞாபகம் வந்தால் அங்கே சோற்றுத் தட்டு போகும். வராத நாளில் அத்தை என் வீட்டுக்கு வந்து, "கொஞ்சம் ரசம் இருக்குதா, சும்மா வாய் ருசிக்கு?" என்பாள். ருசிக்கு வந்தவள் தட்டை வழித்துத் தின்பதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

போன வருஷம் ஹைஸ்கூல் பிள்ளைகள், சேவை என்று சனிக்கிழமைதோறும் வயசானவர்களைத் தேடி வர ஆரம்பித்தார்கள். நகம் வெட்டிவிட்டார்கள், குறை கேட்டார்கள். எதிர்வீட்டுச் சென்னம்மா மூன்று வேளையும் சுடச்சுடச் சாப்பிடுகிறவள். அவள் மகனைத் திட்டித் தீர்த்ததில் பிள்ளைகள் கண்கலங்கி, வாராவாரம் அவளுக்கு டிபன் பாக்ஸ் கொண்டுவந்தார்கள்.

அத்தையிடம் பிரியங்கா என்கிற பெண் கேட்டாள்.

"ஆயா, உம்புள்ள வேளைக்குச் சோறு போடறாரா?"

"எம்புள்ளயா? நான் துன்னாம அவன் ஒரு வாய் துன்ன மாட்டான். போதும்டா, போதும்டான்னு நான் சொல்லிக்கினே இருக்கணும்."

அன்று காலையிலிருந்து அத்தை பட்டினி. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். நறுக்கென்று என் கையைக் கிள்ளினாள். பிள்ளைகள் போனதும், "ஊர்ல அவன் தலை குனியணுமா அம்சவேணி?" என்றாள்.

அவன் எங்கே குனிந்தான்? தாயைத் தாங்கும் மகன் என்று பள்ளி ஆண்டு விழாவில், அத்தையையும் மேடையில் உட்காரவைத்து, அவனுக்கே மரியாதை செய்தார்கள். சால்வை தோளில் விழுந்ததும், தன் நல்ல குணத்தை நினைத்து அவனுக்கே அழுகை வந்துவிட்டது.

"அம்மாவுக்கு ஒரு வாய் ஊட்டுங்க சார், போட்டோ எடுக்கணும்" என்றாள் பிரியங்கா.

அவள் நீட்டிய தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்து, கொஞ்சம் விண்டு ஊட்டினான். போட்டோ எடுத்து முடிந்ததும் மீதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

அத்தை மென்று விழுங்கினாள். மேஜைமேல் இருந்த லட்டுத் தட்டைப் பார்த்தபடியே பிரியங்காவைக் கூப்பிட்டாள்.

"போட்டோ சரியா வந்துச்சா கண்ணு? இன்னொரு தபா எடேன்."