கஞ்சி மண்டபத்து அக்கா

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம் அது. மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு மண்டபத்தில், மெலிந்த குழந்தைகளுக்குக் காலையில் பாசிப்பயறுக் கஞ்சி கொடுத்தார்கள். என் மகள் அப்போது அழக்கூடத் தெம்பில்லாமல் இருந்தாள். எதைக் கொடுத்தாலும் வாயை இறுக்கிக்கொள்வாள். "இப்படியே விட்டா பிள்ள தாங்காதும்மா" என்று ஆஸ்பத்திரித் தாதி எங்களை அங்கே அனுப்பினார்.

கஞ்சி ஊற்றியவர் ஒரு மலாக்கா செட்டிப் பெண்மணி; பல தலைமுறைக்கு முன் வந்து மலாய்க்காரர்களோடு கலந்துபோன தமிழ் வம்சம். மேலே கெபாயாச் சட்டை, இடுப்பில் சாரோங், நெற்றியில் பெரிய குங்குமம். பேச்செல்லாம் மலாய்; தமிழ் நாலைந்து சொல்தான். வரும் பிள்ளைகளின் கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்ப்பார். சதை பிடித்திருந்தால் "பாகுஸ்!", நல்லது, என்று சந்தோஷமாகக் கூவுவார்.

என் மகளின் கையைப் பிடித்தவர் அப்படிக் கூவவில்லை. எங்கள் எதிரே தரையில் உட்கார்ந்து, அவளுக்கு ஊற்றிய கஞ்சியைத் தானே சத்தமாக உறிஞ்சத் தொடங்கினார். எனக்கு ஆத்திரம் வந்தது.

"அக்கா, அது பிள்ளையோட கஞ்சி!"

அவர் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. கண்ணை மூடி, "செடாப்!", ருசி, என்று ரசித்துக் குடித்தார். அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்த மகள், மெல்ல என் மடியிலிருந்து நழுவிப் போய்க் கிண்ணத்துக்குள் கையை விட்டாள். விரல்களை நக்கினாள். பிறகு கிண்ணத்தையே பிடுங்கிக்கொண்டு வீலென்று கத்தினாள். மண்டபமே சிரித்தது. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

"இப்படிச் செஞ்சா சாப்பிடுவான்னு எப்படிக்கா தெரிஞ்சது?"

"தெரியாது தங்கச்சி" என்று கையை விரித்தார். "சாயா லாப்பார். பசி!"

மகள் இப்போது மூன்று பிள்ளைகளுக்குத் தாய். அந்த அக்கா தந்திரம் செய்தாரா, உண்மையாகவே பசித்துக் குடித்தாரா என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.