ரயில் வந்த பிறகு புறப்படும் பஸ்

ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக்கொண்டிருந்தபோது என்னோடு வேலை செய்யும் கவிதா போன் செய்தாள். "ஸ்டெல்லாக்கா போயிட்டாங்கடி" என்றாள். மாரடைப்பு. ஒரகடம் ஆலையில் அவரோடு ஒரே லைனில் நின்றவர்களுக்கும், சிங்கப்பெருமாள்கோயில் வரை மின்சார ரயிலில் அவரோடு வந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

ஸ்டெல்லாவுக்கு என் வயதுதான். இருந்தாலும் எல்லாருக்கும் அக்கா. கூடுவாஞ்சேரியில் பெண்கள் பெட்டியில் ஏறியதும் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "எல்லாரும் கொஞ்சம் மூச்ச இழுத்துக்கோங்க, இன்னும் ரெண்டு பேர் ஏறட்டும்!" கடுகடுவென்று நிற்பவர்களும் சிரித்துவிடுவார்கள். இடம் வந்துவிடும்.

ஒருமுறை காலை ஷிப்டை அரை மணி நேரம் முன்னதாகவே தொடங்கும்படி மாற்றினார்கள். ஸ்டேஷனுக்கு வரும் கம்பெனி பஸ்ஸும் முன்னதாகவே கிளம்பத் தொடங்கியது. நாங்கள் ரயிலை விட்டு இறங்கும்போது அது புறப்பட்டுக்கொண்டிருக்கும். இனியும் தாமதமானால் வேலை இல்லை என்று நான்கு பேரிடம் சொல்லிவிட்டார்கள். அதில் நானும் ஒருத்தி.

ஸ்டெல்லாக்கா எங்களை அழைத்துக்கொண்டு மேனேஜரிடம் போனார். முந்தைய ரயிலில் வரலாமே என்றார் மேனேஜர்.

"அந்த வண்டிய புடிக்கணும்னா புள்ளைங்களுக்கு ராத்திரியே சோறு கட்டி வைக்கணும் சார். ஒரு நாள் எங்ககூட வாங்க. அப்புறம் நீங்களே சொல்லுங்க."

மேனேஜர் சிரித்தார். ஆனால் வந்தார். அன்று அவருக்காக நாங்களும் பொதுப்பெட்டியில் ஏறினோம். சட்டை கசங்க, ஒற்றைக் காலில் நின்றபடி வந்தார். இறங்கிப் படியேறி வெளியே வந்தால், பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. உடனே டிரைவரை அழைக்கப் போனை எடுத்தார்.

"போன் பண்ணாதீங்க சார். எங்ககிட்ட அந்த நம்பர் இல்ல. எங்கள மாதிரியே வாங்க."

ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போனோம். அன்று மேனேஜருக்கும் தாமதம்தான். அடுத்த வாரத்திலிருந்து ரயில் வந்த பிறகே பஸ் புறப்பட்டது. எங்கள் நான்கு பேரின் வேலையும் நிலைத்தது.

பின்னர் ஸ்டெல்லாக்கா லைன் லீடர் ஆனார். வீட்டுக்கே வேன் அனுப்புவதாகச் சொன்னார்கள். மறுத்துவிட்டார். "நான் வேன்ல குந்திகினா, வண்டில இன்னா நடக்குதுன்னு உங்களுக்கு யாரு சொல்லுவா?"

அடக்கம் முடிந்த மறுநாள், கர்ப்பிணிப் பெண்களுக்கு லைனில் நாற்காலி கேட்டு மேனேஜர் அறைக்குப் போனேன். "உரிமையா கேக்கறப்போ குரல எறக்காத" என்பார் ஸ்டெல்லாக்கா. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தக் குரல்தான். வெளியே நின்ற பெண்களுக்கும் கேட்கும்படிப் பேசினேன். நாற்காலிகள் வந்துவிட்டன.