மூளைக்குள் தேங்கிய மூட்டைகள்

போன செவ்வாய்க்கிழமை தஞ்சாவூரில் நரம்பு டாக்டர் என் கணவரை எடை மெஷினில் ஏற்றினார். நாலு கிலோ குறைந்திருந்தது.

"என்னம்மா, இவருக்குச் சாப்பாடு போடறீங்களா இல்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "போடறா டாக்டர். கஞ்சி, ரசம், மறுபடி கஞ்சி. ஜெயில்லகூட முட்டை உண்டு."

இவருக்கு பார்க்கின்சன். வலது கை நடுங்கும், நடை சுருங்கிவிட்டது. மூன்று மாதம் முன்பு இதே டாக்டர், மூளை செல்லுக்குள் ஒரு புரதம் போகவேண்டிய வழியில் போகாமல் தேங்குகிறது என்றார். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள் நான். புரதம் என்றால் எனக்குத் தெரிந்தது பருப்பு, முட்டை, மீன். தேங்குகிறதா... மூன்றையும் நிறுத்து!

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் இன்னும் பெரிதாக ஏதாவது சொல்லிவிட்டால்?

விளைவு — நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இவருக்கு என் தோள் தேவைப்பட்டது. நோய் முற்றுகிறது என்று பயந்து, பாலையும் நிறுத்தினேன்.

இதையெல்லாம் நான் சொல்லக் கேட்ட டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உங்களுக்கு நிலம் இருக்கா?"

"திருக்காட்டுப்பள்ளி பக்கம் ரெண்டு ஏக்கர் இருக்குங்க."

"கொள்முதல் நிலையத்துல நெல் மூட்டை ஏன் தேங்குது?"

"லாரி வராதுங்க. மழையில நனைஞ்சு முளைச்சே போயிடும்."

"அதுக்காக அடுத்த போகம் நடாம விட்டுடுவீங்களா?"

"இவளைக் கேட்டா விடச் சொல்லுவா டாக்டர்" என்றார் இவர்.

செல்லுக்குள்ளும் அப்படித்தானாம். அது தானே தயாரிக்கும் புரதங்களை உரிய இடத்தில் சேர்க்க, கெட்டுப்போனதை அப்புறப்படுத்த, உள்ளேயே ஒரு போக்குவரத்து இருக்கிறது. அது தடுமாறினால் புரதம் கட்டிதட்டும். அசைவை நடத்தும் செல்கள் சாகும். தட்டில் வைக்கிற முட்டை அங்கே போய் உட்காருவதில்லை. செரித்து, உடைந்து, உடம்புக்குத் தெம்பாகிறது.

"அந்த லாரியை எப்படி ஓட வைக்கிறதுன்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியலம்மா. நீங்க சாப்பாட்டை நிறுத்தாதீங்க. மாத்திரை போட்டு அரை மணி கழிச்சுக் கொடுங்க, போதும்."

ஒன்றுமே தெரியாதவளாக இருந்திருந்தால் இவருக்கு மீன் கிடைத்திருக்கும். பாதி தெரிந்ததால் கஞ்சி!

நேற்று மதியம் விரால் குழம்பு வைத்தேன். முதல் கவளம் எடுக்கும்போதே இவர் கை ஆடியது. "நான் ஊட்டி விடட்டுமாங்க?"

"வேணாம். கை நடுங்கினாலும் அதுக்கு வழி தெரியும்."

மூன்று மாதமாக அந்த வழியை மறித்து நின்றவள் நான்.