ஆசான் வாய் திறந்தால்தான் அடி

அடிமுறை படிக்கப் போகிறவன் முதலில் கற்றுக்கொள்வது அடிப்பதை அல்ல. வீங்கிய முகத்தோடு வீட்டுக்குள் நுழைந்து, வாசற்படி தடுக்கியது என்று முகம் மாறாமல் சொல்வதை. களரியில் புரண்டு, எண்ணெயில் ஊறி, கம்பின் தவறான முனையைச் சந்தித்த சகோதரர்களே, நான் சொல்லப்போவதில் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் இராது. உங்கள் விலாவைத் தடவிக்கொண்டே வாசியுங்கள்.

நான் வீரன் ஆன காரணம்

வீரத்தின் மேல் எனக்கு ஆசை இருந்ததில்லை. தாய்மாமன் மகள் தங்கத்தின் மேல்தான் ஆசை. மாமாவுக்குக் கொட்டாரத்துக்குக் கிழக்கே கடைமடையில் வயல். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாய் வழியாக ஊர் ஊராக நின்று, குசலம் விசாரித்து, எங்களிடம் வந்து சேரும்போது நாக்கை நனைக்கத்தான் காணும். அதையும் எங்களுக்கு மேலே இருக்கிற மேலூர்க்காரர்கள் எங்கள் முறை நாளில் மடைப்பலகையைப் போட்டு, மண்ணை வைத்து அடைத்துவிடுவார்கள். கேட்கப் போனால் கம்பு பேசும். முந்தின பூ சாகுபடியில் மாமா கேட்கப் போய், இடது கையைத் தூளியில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

அதனால் பெண் கேட்கப் போன என் அப்பாவிடம் அவர் ஜாதகம் கேட்கவில்லை. கும்பப்பூ அறுவடை ஆனதும் கல்யாணம், அதற்குள் பையன் களரியில் சேர வேண்டும், மடையில் தண்ணீர் வாங்கித் தர வேண்டும் என்றார். பயிர் கருகினால் கல்யாணமும் கருகியது என்று வைத்துக்கொள்ளலாம். என் உடம்பை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். பிறகு அப்பாவிடம் சொன்னார்: "மச்சான், பய நல்ல பயதான். ஆனா மடையில நாலு அடி தாங்கதுக்கு முதுகு இருக்கா, அதச் சொல்லும்."

ஆசானின் நடுநிலை

எங்கள் ஆசான் மாசிலாமணி. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் முதல் வரிசையில் உட்கார்ந்து, பகைவரை நேசி என்ற பிரசங்கத்துக்குத் தலையாட்டுவார். மற்ற ஆறு நாளும் பகைவரின் தாடை எலும்பு எந்த இடத்தில் லேசு என்று சொல்லித்தருவார். காலையில் எங்கள் ஊர் ஓலைக்கொட்டகையில் எங்களுக்குப் பாடம். சாயங்காலம் மேலூரில் அவர்களுக்குப் பாடம். அவர்களை அடிக்க எங்களுக்கும், எங்களை அடிக்க அவர்களுக்கும் கால்வைப்பில் ஒரே சுவடு, ஒரே கம்பு, ஒரே ஆசான். இரண்டு ஊரும் தட்சிணையில் ஒன்றுக்கொன்று குறை வைத்ததில்லை.

இது நியாயமா என்று என் கூட்டாளி மீரான் ஒருநாள் கேட்டே விட்டான். மீரான் கோட்டாற்று ஜவுளி வியாபாரியின் மகன். கொட்டாரம் கிளைக்கடையைப் பார்த்துக்கொள்ள வந்தவன், கடையைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஆசான் கோபப்படவில்லை. மூக்குப்பொடியை நிதானமாக இழுத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோலப் படிப்பிச்சா ஒருத்தனும் சாகமாட்டாம்லே. ஒருத்தனுக்கு மட்டும் படிப்பிச்சாத்தான் பாவம்."

எண்ணெய்

எண்ணெய்ச் சிகிச்சையைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குப்புறப் படுக்கப்போட்டு, உத்தரத்தில் தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஆசான் நம் முதுகின் மேல் காலால் நடந்து தேய்ப்பார். அவர் போகாத சந்து முதுகில் கிடையாது. எழுந்த பிறகு உடம்பு லேசாகிவிடும் என்பார்கள். லேசானது உண்மைதான், உயிர் பாதி வெளியே போயிருக்குமே. அந்த மூலிகை எண்ணெயின் வாசனை எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகாது. என் பாயைக் கண்டு வீட்டுப் பூனை வேறு வீட்டுக்குக் குடிபோயிற்று.

அந்த வாசனையோடுதான் ஒருநாள் மாமா வீட்டுக்கு வெள்ளரிக்காய் கொடுக்கப் போனேன். தங்கம் வெளியே வரமாட்டாள் என்று தெரியும். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தமாவது கேட்கும் என்று நம்பி, சட்டையை நீவி விட்டுக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் தன் தங்கையிடம், எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னது இது: "அத்தான் முக்குத் திரும்பும்போதே தெரிஞ்சிற்று பிள்ளே. ஜன்னலச் சாத்து, சோறு வேகுது."

அடித்தவனே தடவ வேண்டும்

களரியில் ஒரு சட்டம் உண்டு. யார் அடித்துக் காயம் வந்ததோ, அவனே எண்ணெய் காய்ச்சி, பச்சிலை அரைத்து, அடிபட்டவன் எழுந்து நடக்கும்வரை தடவிவிட வேண்டும். இதைப் போன்ற அமைதிச் சட்டத்தை எந்த சர்க்காரும் போட்டதில்லை. ஓங்கிய கம்பு பாதியில் நின்றுபோவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கருணையால் அல்ல, அம்மிக்குப் பயந்துதான்.

மீரான் மட்டும் ஒருநாள் மறந்துவிட்டான். அவன் கம்பு என் முழங்காலில் இறங்கியது. நான் போட்ட கூச்சலில் தென்னையிலிருந்து காக்கை பறந்தது. அன்று முதல் அவன் கடை திறக்கும் முன்னும் கடை சாத்திய பின்னும் வந்து என் முழங்காலைத் தடவினான். நானும் மாப்பிள்ளை மிடுக்கோடு காலை நீட்டிக்கொண்டு, இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று இடம் காட்டினேன். வலி போன பிறகும் கொஞ்ச காலம் காட்டினேன் என்பது வேறு விஷயம். கடைசியில் அவன் எண்ணெய்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டான்: "மக்கா, இனி உன்னைய அடிக்கணும்ணு தோணிச்சுன்னா, வாப்பாகிட்ட போய் நான் அடி வாங்கிக்கிடுதேன். அது ஒரே நாள்ல முடிஞ்சிரும்."

கள்ளுக்கடை வாசலில்

களரியில் ஆசான் வாயால் சொல்லச் சொல்லத்தான் நாங்கள் அடிப்போம். "வலது வாங்கி, இடது வெட்டி, தாழ்ந்து, ஏறி" என்று அவர் பாட்டுப்போல் சொல்வதற்கு வாய்த்தாரி என்று பெயர். அவர் சொன்னால் தூக்கத்திலும் கால் எழும்பும். அதில் ஒரு சிறு குறை உண்டு. அவர் சொல்லாவிட்டால் எதுவும் எழும்பாது.

இது எனக்குத் தெரியவந்தது கொட்டாரம் சந்தையில். கள்ளுக்கடையிலிருந்து வெளியே வந்த ஒருவன், நான் அவனை முறைத்ததாகச் சொல்லி என் சட்டையைப் பிடித்தான். நான் இரண்டடி பின்னால் போய், களரியில் சொல்லித்தந்தபடி முழங்காலை மடக்கி, கைகளை விரித்து, அழகாக நின்றேன். பிறகு நின்றுகொண்டே இருந்தேன். அடுத்து வலதா இடதா என்று காது யாருக்கோ காத்திருந்தது. கூட்டம் கூடிவிட்டது. அவன்கூடப் பாவம், அடிக்காமல் மரியாதையாகக் காத்திருந்தான். கடைசியில் அவனுக்கே அலுத்துப்போய், சட்டையைச் சரிபண்ணி விட்டுக் கேட்டான்: "அடிக்கப் போறீரா, இல்ல போட்டோ பிடிக்கவன் வாறதுக்கு நிக்கீரா?"

வர்மம்

வர்மத்தைப் பற்றி ஊரில் பேச்சு அதிகம். விரலால் தொட்டால் ஆள் சுருண்டுவிடுவான், மூன்றாம் மாதம் சாவான், அப்படி. அதைப் படிக்கத்தான் நாங்கள் எல்லோரும் ஆசைப்பட்டோம். ஆசான் எங்களுக்குச் சொல்லித்தந்தது விறகு பிளப்பதை மட்டும்தான். ஆனால் ஊருக்கு அது தெரியாதே. நான் களரிக்குப் போக ஆரம்பித்த பிறகு, கடைத்தெருவில் என் பக்கத்தில் யாரும் நெருங்கி நிற்பதில்லை.

கருப்பட்டி வியாபாரி ஒருவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். விலை கேட்கலாம் என்று தோளில் விரலால் தட்டினேன். திரும்பினார், என்னைப் பார்த்தார், யாரென்று புரிந்தது. அப்படியே சாக்கின் மேல் சாய்ந்து, கண்ணைச் செருகிவிட்டார். கை கால் இழுக்கிறது என்று கூவினார்கள். கொலைகாரனுக்கு மாமா பெண் கொடுப்பாரா என்பதுதான் அந்த நேரத்திலும் என் கவலை. ஆசானைக் கூட்டி வந்தார்கள். அவர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, வியாபாரியின் காதைத் திருகி, உச்சியில் ஒரு தட்டுத் தட்டி, வர்மத்தை இளக்கிவிட்டேன் என்றார். வியாபாரி எழுந்து உட்கார்ந்து அழுதார். அவர் மனைவி ஒரு கொழுத்த கோழியை ஆசானுக்குக் காணிக்கை வைத்தாள்.

திரும்பும் வழியில், எங்கே தொட்டாய் என்று ஆசான் கேட்டார். காட்டினேன். கோழியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: "அங்கன ஒரு வர்மமும் கெடையாதுலே. ஆனா நீ அதப்போய் யாருகிட்டயும் சொல்லிராத."

மடைப்போர்

தை பிறந்தது. மாமாவின் வயலில் கதிர் பால் பிடிக்கிற நேரம், எங்கள் முறை நாளில் மேலூர்க்காரர்கள் வழக்கம்போல் பலகையைப் போட்டு அடைத்துவிட்டார்கள். வயல் விரிசல் விட்டு, வெடிப்பில் கால் மாட்டியது. மாமா என்னிடம் சத்தம் போடவில்லை. தலைமடையில் வயல் உள்ள மேலூர்க் குடும்பம் ஒன்று தங்கத்தைக் கேட்டு ஆள் விட்டிருக்கிறது என்று மட்டும் சொன்னார். அங்கே கொடுத்தால் பெண்ணுக்கு வருஷம் பூரா தண்ணீராவது கிடைக்கும் என்றார். அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது.

காலை வெயிலில் கம்புகளோடு போனோம். மடையின் முன்னே மேலூர்க்காரர்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் பொன்னையன்; ஆசானின் சாயங்கால மாணவர்களில் முதல்வன், கால் வீசினால் வாழை முறியும். தங்கத்தைக் கேட்டு ஆள் விட்டது அவன் வீட்டார்தான். நாங்கள் குனிந்து மண்ணைத் தொட்டு வணங்கினோம். அவர்களும் அதே நேரத்தில் அதேபோல் வணங்கினார்கள். இரண்டு பக்கமும் முழங்காலை மடக்கி, கம்பைக் குறுக்கே பிடித்து நின்றோம்.

நின்றோம், நின்றோம், வெயில் ஏறும்வரை நின்றோம். கரையிலிருந்த மாமா அடியுங்களேன் என்று கத்தினார். பொன்னையன் என்னிடம் மெதுவாக, நீ தொடங்கு என்றான். நான் அவனைத் தொடங்கச் சொன்னேன். வேறு வழியில்லாமல் இரண்டு ஊரும் சேர்ந்து ஆசானுக்கு ஆள் அனுப்பின.

ஆசான் குடையோடு வந்து கரையில் நின்றார். நிலைமையைக் கேட்டார். ஒரு சிட்டிகைப் பொடி போட்டுக்கொண்டு, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். அதன்பின் நடந்ததைப் போல் ஒரு சண்டையை நாஞ்சில் நாடு பார்த்திருக்காது. அவர் சொல்ல நாங்கள் வெட்டினோம், அவர்கள் தடுத்தார்கள். அவர்கள் வெட்டினார்கள், நாங்கள் தடுத்தோம். கம்புகள் தாளம் தப்பாமல் மோதின. ஒருவனுக்கும் ஒரு கீறல் இல்லை. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். மாமா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஆசான் எங்களை இடது சுற்றி, வலது சுற்றி, மாறி நிற்க வைத்துக்கொண்டே போனார். சுற்றிய சுற்றில் பொன்னையன் எனக்கு முதுகைக் காட்டி, மடையைப் பார்த்து நின்றதை அவனும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. அப்போது மேலூர்க்காரர்கள் அடிக்கிற முறை வந்தது; குரலைக் கொஞ்சமும் மாற்றாமல் ஆசான், "தாழ்ந்து, ஏறி, வலது காலால் ஓங்கிச் சவிட்டு" என்றார். பொன்னையன் தாழ்ந்தான், ஏறினான், ஓங்கி உதைத்தான். மடைப்பலகை இரண்டாகப் பிளந்தது. அடைத்த மண்ணோடு தண்ணீர் எங்கள் பக்கம் பாய்ந்து, பொன்னையனையும் உருட்டிக்கொண்டு வந்து என் காலடியில் போட்டது.

நான் கை கொடுத்துத் தூக்கினேன். மேலூர்ப் பெரியவர்கள் ஆசானை வளைத்துக்கொண்டார்கள். எங்கள் தட்சிணையை வாங்கிக்கொண்டு இப்படிச் செய்யலாமா என்று கேட்டார்கள். ஆசான் வேட்டியைத் தூக்கி மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீர் போகிற திசையில் நடந்தபடியே சொன்னார்: "எனக்கும் கடைமடையில ஒரு துண்டு வயல் உண்டும்லா. இதுவரைக்கும் நீங்க யாரும் கேக்கலியே."

பந்திக்குப் பிறகு

கதிர் தப்பித்தது. அறுவடை முடிந்தது. கல்யாணமும் நடந்தது. நான் மடையில் தனியாக நின்று மேலூரையே விரட்டியதாக மாமா பந்தியில் ஒவ்வோர் இலைக்கும் சொல்லிக்கொண்டு போனார். பொன்னையன் நொண்டிக்கொண்டே வந்திருந்தான். அவன் இலைக்கு வந்தபோது மாமா குரலைத் தாழ்த்தி, இன்னொரு கரண்டி பாயசம் விட்டார். அவனும் மறுக்காமல் குடித்தான்.

தங்கம் என்னிடம் முதன்முதலாக நேரில் பேசியது அன்றுதான். ஒரு அடியாவது அடித்தீர்களா என்று கேட்டாள். மாமாவின் கதையையே சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் சபலம். அந்தக் கண்ணைப் பார்த்துப் பொய் வரவில்லை. இல்லை, ஒருத்தன் மேலும் படவில்லை என்று சொன்னேன். இப்போது சிரிக்கப்போகிறாள் என்று எனக்கு முகமெல்லாம் வேர்த்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுடைய அப்பாவின் கை தூளியில் தொங்கிய மாதங்களில் அவர் வீட்டிலிருந்தவர்களிடம் எப்படி எரிந்து விழுந்தார் என்று சொன்னாள். பிறகு என் முழங்காலிலிருந்த தழும்பைப் பார்த்துச் சொன்னாள்: "அடிக்கத் தெரிஞ்ச ஆள் எங்க வீட்டுல ஏற்கெனவே ஒருத்தரு உண்டு. நீங்க இப்பிடியே இருங்க, போதும்."

இத்தனை காலம் புரண்டு, வீங்கி, நாறி நான் படித்த வித்தையால் கடைசிவரை ஒருவனையும் வீழ்த்தவில்லை என்றாலும், அதற்காகவே என்னை மெச்சிக்கொண்ட ஒரே ஆளை நான் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.