புது ஆளுக்கு மட்டும்

திருக்காட்டுப்பள்ளியில் ஒரு இன்டர்நெட் கம்பெனியின் கவுன்டரில் நான் வேலை பார்த்தபோது, மாதாமாதம் நேரில் வந்து பில் கட்டும் ஒருவர் இருந்தார். வயல்களில் பம்ப்செட் மோட்டார் பழுது பார்ப்பவர். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் இருக்கும். யாரும் சொல்லாமலே செருப்பைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

ஒருநாள் பில்லை நீட்டியபடி தயங்கினார்.

"சார், பக்கத்து வீட்டுக்காரரை நான்தான் கூட்டியாந்து இங்க சேர்த்துவிட்டேன். அதே ஸ்பீடுதான். அவருக்கு ஐநூறு, எனக்கு எண்ணூறு. ஏதும் தப்பா வந்திருக்குங்களா?"

"ஐநூறு புது கஸ்டமருக்கு மட்டுங்க."

"நான் ஆறு வருஷமா இருக்கேனே?"

"அதனாலதாங்க," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

கனெக்‌ஷனே வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கும் குறைத்திருப்போம். சத்தம் போட்ட எத்தனையோ பேருக்கு நானே குறைத்திருக்கிறேன். குறைக்கச் சொல்லிக் கேட்காதவரிடம் அதைச் சொல்லக் கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. நான் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரூல்னா நீங்க என்ன பண்ணுவீங்க? கேட்டதைத் தப்பா எடுத்துக்காதீங்க சார்," என்று சொல்லி முழுசாகக் கட்டிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் அவரோடு புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது.

"நம்ம தெருவுக்குக் குடி வந்திருக்காங்க. இவங்களுக்கு அந்தக் கம்மி ரேட்டே போட்டுக் குடுங்க சார்."

குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். துளியும் இல்லை. தலை நிமிராமல் அவர்களுடைய விண்ணப்பத்தை நிரப்பினேன். அன்றும் அவரிடம் எண்ணூறுதான் வாங்கினேன்.