ஏழு பேர் நாட்டின் வருகைப் பதிவு

என் அக்காவின் கணவர் ரப்பர் ஸ்டாம்ப் செய்பவர். ஊரில் உள்ள அலுவலகங்களுக்கெல்லாம் முத்திரை வெட்டிக் கொடுத்தவருக்குத் தன் வீட்டுக்கு ஒரு குழாய் வாங்க முடியவில்லை. வீடு இருந்தது இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு முட்டுச்சந்தில். குடிநீர் இணைப்புக்காக ஆறு வருடம் நடையாய் நடந்தார். கிழக்கு அலுவலகம் மேற்கில் கேள் என்றது, மேற்கு கிழக்கில் கேள் என்றது. தண்ணீர் கேட்டவருக்கு இரண்டுமாகச் சேர்ந்து தண்ணி காட்டின. கடைசியில், ‘இந்த வீடு எங்கள் எல்லையில் இல்லை’ என்று இருவருமே எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கடிதங்களின் அடியில் இருந்த முத்திரைகள் மாமா வெட்டியவைதான்.

வேறு யாராவது என்றால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். மாமா இரண்டையும் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். "எந்த ஊருக்கும் சொந்தமில்லேன்னா இது தனி நாடுதானே?" என்றார்.

"குடிக்கத் தண்ணிக்கு வழியில்ல, நாடு ஒண்ணுதான் கொறச்சல்" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே இரண்டாம் எண் குடிமகளாகக் கையெழுத்தும் போட்டாள். மாமா ஒன்று, அவர்களோடு தங்கியிருந்த நான் மூன்று, அவர்கள் மகள் நான்கு. பின்கட்டில் குடியிருந்த சலூன்காரர், அவர் மனைவி, மாமியார் மிச்சம் மூன்று பேர்.

ஆளுக்கொரு கடவுச்சீட்டு கொடுத்தார். வாசலோரம் ஒரு மேஜை, அதில் ‘வருகை’, ‘வெளியேற்றம்’ என்று இரண்டு முத்திரைகள். காய் வாங்கப் போனால்கூட அக்கா குத்திக்கொண்டுதான் போவாள். குத்திய முத்திரையைத் துடைத்து, தாங்கியில் நேராக மாட்டாமல் போனால் மகளுக்குத் திட்டு விழும். "உங்கப்பா கண்ணு வலிக்க வெட்டினது, தூக்கிப் போடாத" என்பாள்.

நாடு பிறந்த நாளில் வருடா வருடம் நடக்கும் விழாவில் முக்கியமானது வருகைப் பதிவு. எண்ணைக் கூப்பிட்டால் ‘இருக்கேன்’ என்று சொல்ல வேண்டும். வராதவருடைய காரணத்தை மாமா உரக்கப் படித்து முத்திரை வைப்பார். ஒரு வருடம் சலூன்காரரின் மாமியாருக்கு, ‘பல்வலி, பொய்யாகவும் இருக்கலாம்’ என்று படித்துவிட்டார். கிழவி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நோய் வந்த இரண்டு வருடமும் விழா இல்லை. அது கொஞ்சம் அடங்கி, முகக்கவசங்கள் தாடைக்கு இறங்கிய பிறகு, இந்த வருடம் நடத்தியே ஆக வேண்டும் என்று மகள் வேலை பார்க்கும் ஊரிலிருந்து வந்து நின்றாள். அக்கா போன பிறகு வரும் முதல் விழா.

"அம்மா ஏன் வரலன்னு நீங்க எல்லார் முன்னாடியும் படிக்கணும்பா. எங்கேயாவது அது எழுதியிருக்கணும்" என்றாள்.

மாமாவின் முகம் செத்துவிட்டது. ஏன் என்று எனக்கு மட்டும் தெரியும்.

அக்காவுக்கு மூச்சு முட்டியது ஒரு மத்தியானம். ஊரடங்கில் மகள் வர வழியில்லாமல் வேலை பார்த்த ஊரிலேயே அடைபட்டுக் கிடந்தாள். நான் அக்காவைச் சாய்த்துப் பிடித்திருந்தேன். மாமா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்.

"எந்த ஊர் எல்லை சார்?" என்று ஒரு பெண் கேட்டது எனக்கே கேட்டது.

தபால்காரர், கேஸ் கொண்டு வருபவர், கணக்கெடுக்க வந்தவர் என்று எல்லோருக்கும் எட்டு வருடமாகச் சொல்லிப் பழகிய வாய். "எந்த ஊரும் இல்லம்மா, இது தனி நாடு" என்று வந்துவிட்டது.

"இங்க ஆளாளுக்குச் செத்துட்டிருக்காங்க, உங்களுக்கு விளையாட்டா இருக்கா?" என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

மாமா மறுபடி போட்டார். வரிசையில் காத்திருக்கச் சொல்லி ஒரு பாட்டைப் போட்டது. முக்கால் மணி நேரம் அந்தப் பாட்டையே கேட்டோம். ஆள் கிடைத்தபோது அக்கா இல்லை. விளையாட்டு வினையாகும் என்று யார் சொன்னார்களோ, அவர்கள் வாயில் மண் விழ. மகளிடம், "ஆம்புலன்ஸ் வரலம்மா" என்று மட்டும் சொன்னோம். பொய்யும் இல்லை அது.

விழாவன்று காலை, கூடத்தில் டீயும் பன்னும் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். மாமா பதிவேட்டைத் திறந்தார்.

"ஒண்ணு. இருக்கேன்." அவரே கூப்பிட்டு அவரே சொல்லிக்கொண்டார். "ரெண்டு."

சலூன்காரர் மெதுவாக, "காய்ச்சல்னு போட்டுடுங்க ராஜா" என்றார். விளையாட்டாக ஆரம்பித்து, அவரை நாங்கள் எல்லோரும் ராஜா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

வேண்டாம் என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

"ரெண்டு வரல" என்றார். "காரணம், நான். எந்த ஊருன்னு கேட்டாங்க. தெருப் பேரச் சொல்லாம தனி நாடுன்னு சொன்னேன். அவங்க போன வச்சுட்டாங்க."

படித்து முடித்து முத்திரையை எடுத்தார். அழுத்திய வேகத்தில் பதிவேட்டில் மை ஈஷிக்கொண்டது.

மகள் சுவரில் இருந்த இரண்டு கடிதங்களையும் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன். "அப்போ பக்கத்துல யாருமே இல்லையாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

மாமா பதிவேட்டில் ஈஷிய மையை விரலால் ஒற்றினார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அவள் உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள். வாசல் மேஜையில் கடவுச்சீட்டை விரித்து, ‘வெளியேற்றம்’ முத்திரையைத் தானே மையில் அழுத்திக் குத்தினாள். பிறகு அதைத் துடைத்து, தாங்கியில் நேராக மாட்டினாள். கடவுச்சீட்டை மேஜையிலேயே வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

பக்கத்தில் நான் இருந்தேன். கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் போன் இருந்தது. பிடுங்கித் தெருப் பேரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாமாவின் பதிலைக் கேட்டதும், அக்கா என் மேல் சாய்ந்து கிடக்கும்போதே, பழக்க தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சிரித்தது அந்தப் பெண்ணுக்கும் கேட்டிருக்கும்.

மாமா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பதிவேட்டுக்குக் குனிந்து, "மூணு" என்று கூப்பிட்டார்.

‘இருக்கேன்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.