ரப்பர் பேண்ட் போட்ட பாத்திரங்கள்

வேலையை விட்ட அன்று நான் பேசிய பேச்சை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பதினாறு வருடம் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டராக இருந்தேன். வெல்டிங்கில் மயிரிழை பிசகினாலும் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்புவேன். வேலை செய்தவன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டேன்.

எவர்சில்வர் பாத்திரத்தில் உளி வைத்துத் தட்டிப் பேர் வெட்டுவது எனக்கு ஞாயிற்றுக்கிழமைக் கிறுக்கு. தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு, கிரகப்பிரவேசத்துக்கு என்று வெட்டிக்கொடுக்கப் போய், நாலு பேர் பாராட்டியதில் தலைக்கு ஏறிவிட்டது. ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். வழியனுப்பு விழாவில், "இத்தனை நாள் அடுத்தவன் வேலையில குத்தம் கண்டுபிடிச்சேன். இனிமே என் கை வேலைக்கு நானே இன்ஸ்பெக்டர்" என்றேன். கைதட்டினார்கள். என் மனைவி மட்டும், "ஒண்ணாந்தேதி வந்தா தெரியும் சேதி" என்றாள்.

சேதி அப்படியொன்றும் மோசமில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே உட்கார்ந்தேன். வருகிறவர்களிடம் எல்லாம் ஒரே பிரசங்கம். மெஷின் எழுத்து வெறும் கீறல், நாலு தரம் தேய்த்தால் போய்விடும், உளி எழுத்து உங்கள் பேத்தி காலம் வரை நிற்கும் என்பேன். அதே நேரம் பீரோவுக்குள் பழைய வேட்டிக்கு அடியில், பேனா மாதிரி பிடித்து எழுதுகிற கரண்ட் மெஷின் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். குடிகாரன் பாட்டிலை ஒளித்து வைப்பானே, அந்த மாதிரி. அவசரத்துக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு தை மாதம், பாலக்கரையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கல்யாணச் சீருக்கு வாங்கிய பாத்திரங்கள், இருபத்தோரு உருப்படி. அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதிலேயே பார்வை போய்விட்டதாம்.

"மணப்பாறைல கூட்டுக் குடும்பம்ணே. ஒரே அடுப்படி, மூணு மருமக சாமான் கலந்து கெடக்கும். என்னோடது எதுன்னு கை வச்சதும் எனக்குத் தெரியணும். ஒவ்வொண்ணுக்கும் யாரையாவது கூப்பிட்டுக் கேட்டுக்கிட்டு நிக்கக் கூடாது" என்றாள்.

நான் ஒரு டம்ளரை எடுத்து, விளிம்புக்குக் கீழே அவள் பேரை அங்கேயே வெட்டிக் கொடுத்தேன். உளி வெட்டு புள்ளி புள்ளியாக விழும். அவள் விரலை வைத்துத் தடவினாள், இன்னொரு தரம் தடவினாள், சிரித்துவிட்டாள். "அப்பா, என் பேருப்பா!" என்றாள். பெரியவர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர்கள் வாங்கிப்போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள், பழைய கம்பெனிக்காரர் ஒருவர் வீட்டில் கிரகப்பிரவேசம். பத்து மணிக்குப் பந்தி. மிச்சம் இருபது பாத்திரம் அப்படியே கிடந்தது. போகாமல் இருந்திருக்கலாம், யாரும் அழப்போவதில்லை. ஆனால் "நம்ம ஆர்ட்டிஸ்ட் வந்துட்டார்" என்று அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டுமே எனக்கு! மெஷினை எடுத்தேன். ஒரு மணி நேரத்தில் இருபதும் முடிந்தது.

உள்ளேயிருந்து மனைவி, "என்னங்க, தட்டுற சத்தமே காணோம்?" என்றாள். எட்டிப் பார்த்தாள். "படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பதிலுக்கு நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன். அன்று பந்தியில் உட்கார்ந்து, இலையில் சாம்பார் ஆற ஆற, உளி வேலையின் மகிமையைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். வெட்கங்கெட்டவன்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். மேலே இருந்த, அவள் எதிரிலேயே வெட்டின டம்ளரை அவள் தடவிச் சிரித்தாள். அடுத்து ஒரு சொம்பு. அதன்மேல் விரல் போனது, திரும்பி வந்தது, நின்றது. மூன்றாவதாக ஒரு தூக்கு. நாலாவதை எடுக்கவில்லை.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் பெரியவர்.

"நல்லா இருக்குப்பா" என்றாள். என் பக்கம் முகத்தைத் திருப்பி ஒரு நிமிடம் காத்திருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. கல்யாணத்துக்கு மூன்றே நாள், அப்பாவின் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று அவள் பொறுத்துக்கொண்டாள். எனக்கு என்ன கேடு? பெரியவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நாலு மாதம் கழித்து அவர் பக்கத்து வீட்டு அம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இவர் கையால வெட்டுறவரு, கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்கலாம்" என்றார். பிறகு என்னிடம் சிரித்துக்கொண்டே, "பொண்ணு நல்லா இருக்கு தம்பி. ஒரு வேடிக்கை, எல்லாப் பாத்திரத்துக்கும் ரப்பர் பேண்ட் மாட்டி வச்சிருக்கு. டம்ளர் ஒண்ணுக்குத்தான் இல்ல. ஏம்மான்னு கேட்டா, 'சும்மா அழகுக்குப்பா'ங்குது" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "ஐயா, அந்த டம்ளர் மட்டும்தான் கையால வெட்டினது. மத்ததெல்லாம் மெஷின்" என்றேன்.

பெரியவர் சிரிப்பை நிறுத்தினார். "பொண்ணுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. எனக்குத் தெரியலையே" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அந்த அம்மாள் தன் பையை எடுத்துக்கொண்டு முன்னே இறங்கிப் போனாள்.

அடுத்த ஞாயிறு, விலாசம் விசாரித்து வைத்துக்கொண்டு, உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு மணப்பாறைக்கு பஸ் ஏறினேன். அவள் ஏன் எதற்கென்று கேட்கவில்லை. கொல்லையில் பாயைப் போட்டு, இருபதையும் கொண்டுவந்து வைத்தாள். மெஷின் கீறின கோட்டின் மேலேயே புள்ளி புள்ளியாக வெட்டினேன். சாயங்காலம் ஆகிவிட்டது.

முடிந்ததும், "பாக்குறேண்ணே" என்றாள். நான் எழுந்து நின்றேன். கை தானாகக் கட்டிக்கொண்டது. நம்பிவிடவில்லை அவள். ஒவ்வொன்றாக எடுத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை தடவி, அதற்குப் பிறகுதான் ரப்பர் பேண்டைக் கழற்றினாள். பதினேழாவது ஒரு கிண்ணம். கழற்றாமல் என்னிடம் நீட்டினாள்.

"இதுல கடைசி எழுத்து சரியா விழலைண்ணே."

வாங்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன்.